வீட்டிலேயே ஒரு பக்கவாத்தியம்

முட்டைக்கோஸ் வேக எத்தனை நேரம் பிடிக்கும் என்று கேட்டால் நீங்கள் தயங்காமல் பதில் சொல்லிவிடுவீர்கள். எனக்குச் சரியாக 32 விநாடி பிடிக்கிறது. சிரிக்காதீர்கள்! நான் சொல்வது சமையல் சமாசாரம் அல்ல, சங்கீத சமாசாரம்.

அமெரிக்க நாட்டுப்புற இசையில் 'பாய்ல் தெம் கேபேஜ் டவுன்' என்று ஒரு மெட்டு உண்டு. 'கோஸை நன்றாக வேக வை' என்று அர்த்தம். நமக்கு ஸரளி வரிசை எப்படியோ, அப்படி பாஞ்சோ கற்க வருகிறவர்களில் பலருக்கு இதுதான் முதல் பாடம். வட கரோலினாவில் குடியிருக்கும் நான், ஐம்பத்திரண்டாவது வயதில், அந்தக் கோஸை வேக வைக்கப் புறப்பட்ட கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பாஞ்சோ என்றதும், டைப்ரைட்டர் மாதிரி பொத்தான்களை அமுக்கி வாசிக்கும் பெட்டி உங்கள் ஞாபகத்துக்கு வரலாம். அது புல்புல் தரங். நான் சொல்லும் பாஞ்சோ வேறு. பெரிய கஞ்சிரா ஒன்றுக்கு நீளமான கழுத்து முளைத்து, அதில் ஐந்து தந்திகள் கட்டியிருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், சுரைக்குடுக்கையில் தோலைப் போர்த்திச் செய்துகொண்ட வாத்தியத்தின் வம்சம் இது. இதே வட கரோலினாவில் 1924-ல் பிறந்த எர்ல் ஸ்க்ரக்ஸ், 1945-ல் பில் மன்றோவின் கோஷ்டியில் சேர்ந்து, மூன்று விரல்களால் மழை கொட்டுவது போல வாசித்தார். 'ப்ளூகிராஸ்' என்ற சங்கீதத்துக்கு அந்த விரல் வித்தைதான் அடையாளமாகிவிட்டது.

சிறு வயதில் நாலு வருஷம் வீணை கற்றவள் நான். அதனால் பாஞ்சோவைக் கையில் எடுத்ததும் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை. கழுத்தின் நடுவிலேயே அதற்குத் தனி முறுக்காணி. இடது கை விரல் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. மெட்டு எங்கே போனாலும் அது மேல் ஸட்ஜத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். வீணையின் பக்கத்தில் இருக்கும் தாளத் தந்திகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரி! மற்ற நாலும் கீழ் பஞ்சமம், ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம். சும்மா தடவினாலே ஸ, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். இப்படிச் சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதைத்தான் 'கார்டு' என்கிறார்கள்.

வாத்தியம் என் கைக்கு வந்த விதத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கந்தான். அது என் பெண்ணுடையது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கும்போது, சிநேகிதிகள் நாலு பேருடன் சேர்ந்து வாசிக்க ஒரு கிதாரும், பழைய பாஞ்சோ ஒன்றும் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சை நெருங்கிய சமயம். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "இது வீடா, நாடகக் கொட்டகையா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அந்தப் பெண்கள் மௌனமாக வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டு போனார்கள். என் பெண் பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில் ஒரு நாளும் வாசிக்கவில்லை.

நாலு மணி நேரப் பிரயாணத்தில் உள்ள கல்லூரிக்குப் போனபோது கிதாரை எடுத்துப் போனாள். பாஞ்சோ அலமாரியிலேயே தங்கிவிட்டது. போனில் பேசினால், "சாப்பிட்டாயா?" "ஆச்சு." "தூங்கினாயா?" "ஆச்சு." அதற்கு மேல் பேச்சு நகராது. பகலெல்லாம் வீடு நிசப்தமாக இருக்கும். ஒரு நாள் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது உறை மேல் கை பட்டது. பிரித்தேன். அவ்வளவுதான்.

விரல் பழகப் பழக ஒன்று புரிந்தது. வீணையைத் தனியாக வாசித்தால் ராகம் நிற்கும். இந்த நாட்டுப்புற மெட்டுகள் அப்படியல்ல. கிதாரும் பெரிய பாஸ் வாத்தியமும் அடியில் 'டும்-சக், டும்-சக்' என்று நடை போட்டுக்கொண்டிருந்தால்தான் பாஞ்சோவின் மணிகள் கோவையாகும். தனியே வாசித்தால் நூல் அறுந்த மணிமாலை மாதிரி தரையெல்லாம் சிதறும். மெட்ரோனோம் என்ற தாளக் கருவி இருக்கிறதே என்பீர்கள். மால்ஸல் என்பவர் 1815-ல் உரிமை வாங்கிய அந்தக் கருவி இப்போது போனுக்குள்ளேயே 'டிக், டிக்' என்கிறது. ஆனால் அது காலத்தை மட்டும் சொல்லும். எந்தக் கார்டு எப்போது வரவேண்டும் என்று சொல்லாது.

சரி, பக்கவாத்தியத்தை நானே செய்துகொண்டால் என்ன? யோசனை ஒன்றும் புதிதல்ல. ஸிட்னி பெக்கெட் என்ற ஜாஸ் வித்வான் 1941-லேயே எல்லா வாத்தியங்களையும் தாமே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்து இசைத்தட்டு கொடுத்தார். 1950-ல் நியூயார்க்கில் 'மியூஸிக் மைனஸ் ஒன்' என்ற கம்பெனி தொடங்கி, ஒரு வாத்தியத்தை மட்டும் விட்டுவிட்டு மீதிக் கோஷ்டி முழுவதையும் இசைத்தட்டில் விற்றது. விட்டுப்போன இடத்தை வீட்டில் இருப்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கோஸ் மெட்டின் கணக்கு சுலபம். எட்டு அளவுகள்; அளவுக்கு நாலு தட்டு; மொத்தம் 32 தட்டு. ஜி, ஸி, ஜி, டி என்று முதல் நாலு. மறுபடி ஜி, ஸி, அடுத்தது பாதி ஜி பாதி டி, கடைசியில் ஜி. ஜி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ஸி மத்தியமம், டி பஞ்சமம். நிமிஷத்துக்கு 60 தட்டு என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 32 விநாடி. பத்துச் சுற்று வாசித்தால் 5 நிமிஷம் 20 விநாடி.

கிதார் இல்லாததால் பாஞ்சோவிலேயே கார்டுகளைத் தட்டிப் போனில் பதிவு செய்தேன். மெட்ரோனோம் கூட வைத்துக்கொள்ளவில்லை. நாலு வருஷ வீணையில்லையா, அந்தக் கர்வம்! பிறகு பதிவைப் போட்டுவிட்டு அதனுடன் மெட்டை வாசித்தால், ஐயோ, அதை என்னவென்று சொல்வேன்! ஜி-யில் குதிரை ஓட்டம். மூன்று விரல் வைக்கவேண்டிய ஸி வந்ததும் மாட்டுவண்டி. என் தப்பே எதிரில் உட்கார்ந்து எனக்குத் தாளம் போட்டது. நேரில் வாசிக்கும்போது காதில் விழாத தப்பெல்லாம், அதன் பின்னாலேயே நடக்க நேர்ந்தபோது காலில் முள்ளாகக் குத்திற்று.

ஒரு வாரம் யோசித்தேன். பிறகு பெண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "கோஸ் பாட்டுக்குக் கிதாரில் பக்கவாத்தியம் வாசித்து அனுப்புவாயா? 60 வேகம். பத்துச் சுற்று. அவசரமில்லை." அனுப்பிவிட்டு, அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் போன் வந்தது.

"அம்மா, யாருக்கு இது?"

"எனக்குத்தான்."

"நீயா வாசிக்கிறே?"

"வாசிக்கிறேன் என்று சொல்ல முடியாது. அலமாரியில் இருந்தது, எடுத்தேன்."

கொஞ்ச நேரம் சப்தமே இல்லை. பிறகு, "ஐந்தாவது தந்தி அடிக்கடி சுருதி இறங்கும். பார்த்துக்கோ" என்றாள். 'ஆச்சு'வைத் தாண்டி அவள் அந்த வருஷம் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அது.

மூன்றாம் நாள் பதிவு வந்தது. எவ்வளவு சிரத்தையாகச் செய்திருந்தாள் தெரியுமா? நீங்களோ உங்கள் வீட்டுக் குழந்தைகளோ செய்து பார்க்கலாம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். ஒரு போனில் மெட்ரோனோமை ஓட்டி, அதை இயர்போன் மூலம் காதுக்குள் மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 'டிக், டிக்' பதிவில் விழுந்துவிடும். கிதாரை இன்னொரு போனில் பதிய வேண்டும். ஒன்றாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் அடித்தந்தி 'டும்'. இரண்டுக்கும் நாலுக்கும் எல்லாத் தந்தியும் 'சக்'. ஆரம்பத்தில் நாலு எண்ண வேண்டும். இல்லையென்றால் எங்கே நுழைவது என்று தெரியாமல் வாசலிலேயே நிற்க நேரும். அலங்காரம் ஒன்றும் கூடாது. சாதம் சாதமாகவே இருக்க வேண்டும்.

வேகத்தை மாற்ற 2000-ல் வெளிவந்த 'ஆடாஸிட்டி' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சுருதி மாறாமல் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். அந்தக் காலத்தில் இசைத்தட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு மெட்டுப் பிடித்தார்கள். சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். ஆனாலும் மென்பொருளில் ரொம்ப இழுத்தால் கிதார் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும். வேகத்துக்கு வேகம் தனியாக வாசித்துப் பதிவது உத்தமம்.

"ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று அவள் குரல் கேட்டதும் முதல் நாள் நான் வாசிக்கவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். பத்தாவது சுற்று முடிந்தது. பதிவை நிறுத்த மறந்துவிட்டாள் போலிருக்கிறது. கதவு திறக்கும் சப்தம். யாரோ ஒரு பெண் ஆங்கிலத்தில், "இவ்வளவு மெதுவாக யாருக்கு?" என்கிறாள். "என் அம்மாவுக்கு. அம்மா பாஞ்சோ கற்றுக்கொள்கிறாள்" என்று என் பெண் சொல்கிறாள். அதோடு முடிந்துவிடுகிறது.

பதிவின் முன்னும் பின்னும் உள்ள உபரிச் சப்தங்களை வெட்டிவிட வேண்டும் என்பது இந்த வேலையில் ஒரு விதி. நான் வெட்டவில்லை.

தினம் அரை மணி வாசித்தேன். ஒரு சுற்று நான் மெட்டு வாசிப்பேன். அடுத்த சுற்றில் கார்டை மட்டும் மெதுவாகத் தட்டுவேன். ப்ளூகிராஸ் கோஷ்டிகளிலும் ஒருவர் வாசிக்கையில் மற்றவர்கள் தணிந்து துணை போவதுதான் மரியாதை. இந்தப் பதிவிடம் ஒரு கடுமை உண்டு. தப்பினால் அது நிற்காது, திரும்பிப் பார்க்காது. வீணை நாட்களில் தப்பு வந்ததும் நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இங்கே அது நடக்காது. விழுந்த இடத்தை விட்டுவிட்டு, அது போய்க்கொண்டிருக்கும் இடத்தில் ஓடிச் சேர்ந்துகொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் அந்தப் பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நவம்பர் விடுமுறைக்குப் பெண் வந்தாள். கையில் கிதார். சாப்பாடு முடிந்ததும், எதுவும் சொல்லாமல், கூடத்தில் அன்று சிநேகிதிகளுடன் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து சுருதி சேர்த்தாள். இவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். "ஒன், டூ, த்ரீ, ஃபோர்." இரண்டு சுற்று ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதில் ஸி-யில் விரல் வழுக்கியது. பழகிய பழக்கமெல்லாம் பறந்துவிட்டது. கையை எடுத்துவிட்டு, "மன்னிச்சுக்கோடி" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. மெட்டைத் தொடராமல் ஜி-யிலேயே 'டும்-சக், டும்-சக்' என்று நின்று கொண்டாள். பதிவு இப்படி ஒரு நாளும் நின்றதில்லை.

"பரவாயில்லைம்மா. நான் இங்கேயே இருக்கேன். நீ வந்து சேர்ந்துக்கோ" என்றாள், கிதாரைப் பார்த்தபடியே.

எதற்காக மன்னிப்புக் கேட்டேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கண்ணைத் துடைக்க வலது கையை எடுத்தால் விரலில் மாட்டியிருந்த உலோக நகம் இடிக்கிறது. அப்படியே விட்டுவிட்டு, அடுத்த ஒன்றாம் தட்டில் நுழைந்தேன்.

ஊருக்குத் திரும்புமுன் 80 வேகத்தில் ஒரு புதுப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போனாள். இப்போது எங்கள் வீட்டில் கோஸ் 24 விநாடியில் வெந்துவிடுகிறது.