மூன்று இலக்கங்கள்



1969ஆம் ஆண்டின் ஆல்ஃபா ரோமியோ 1750 ஜிடிவி கார் ஒன்றைப் பழைய நிலைக்கு மீட்டு விற்க முனைந்திருந்தேன். அதற்குரிய டயர் அளவு 165 எச்ஆர் 14. இக்காலத்து அகன்ற டயரைப் பூட்டினால் ஸ்டீயரிங் கனக்கும், தோற்றமும் கெடும். காருடன் வந்த பழைய டயர்களோ அளவிலும் அமைப்பிலும் சரியாகப் பொருந்தின. கறுப்பு மெருகு பூசியதும் புதியனபோல் பளபளத்தன.

பின்னரே பக்கவாட்டில் இருந்த தயாரிப்புத் தேதிக் குறியீட்டைக் கண்டேன். 2000ஆம் ஆண்டு முதல் அது நான்கு இலக்கம்: முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். இங்கிருந்ததோ மூன்றே இலக்கம். சென்ற நூற்றாண்டின் ரப்பர். பள்ளங்கள் தேயாவிட்டாலும் காலப்போக்கில் ரப்பர் இறுகும். ஈரச் சாலையில் பிடிமானம் குறையும்.

வாங்க வருபவருக்கு அந்தக் குறியீடு தெரியாது. சொல்லாமல் விட்டால் என்ன என்று மனம் ஊசலாடியது. கடைத்தெருவில் உணவுக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளிருந்த ஈரத்தை மேலே வைக்காத வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வு நினைவுக்கு வந்தது. என் குவியலின் ஈரம் அந்த மூன்று இலக்கங்கள் அல்லவா?

பிரெல்லி நிறுவனம் தன் பழைய சின்டுராட்டோ டயர்களை அன்றைய தோற்றத்தில், இன்றைய ரப்பரில் மீண்டும் தயாரிக்கிறது. அவற்றையே பூட்டினேன். பழையவற்றை வாங்குபவர்முன் வைத்து, "இவை பார்ப்பதற்கு மட்டுமே, ஓட்டுவதற்கல்ல" என்றேன்.

ஆதாயம் குறைந்தது. அன்றைய இஷாத் தொழுகையில் நெஞ்சில் பாரம் இருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.