ஐயாவின் செக்கோஸ்லோவாக்கியா துப்பாக்கி

துப்பாக்கி என்றதும் பயந்துவிடாதீர்கள். இது அரிவாள், வெடிகுண்டு வகைக் கதை இல்லை. எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா, எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஐம்பது வருடம் வைத்திருந்த ஒரு பழைய .22 ரைஃபிளைப் பற்றிய கதை. அதை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்று வீட்டில் ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்தது. தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று உலக வரைபடமே வீட்டுக்குள் இருக்கும். எங்கள் வீடும் அப்படிக் கட்டியதுதான். ஆனால் பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, தொழில்களை எல்லாம் அரசே எடுத்துக்கொண்டபோது எங்கள் வீட்டு வரும்படியும் நின்றுபோனது. ஐயா அப்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் நேரம். கல்லூரியில் சேர்ந்தார். சீனப் போருக்குப் பிறகு 1963-ல் கல்லூரிகளில் என்.சி.சி.யைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். அங்கேதான் முதன்முதலில் ஒரு .22 ரைஃபிளைத் தொட்டாராம். நானும் என்.சி.சி.தான். அறுபது வருடம் கழித்தும் எங்களுக்குக் கையில் கொடுத்தது அதே மாதிரி .22 போல்ட் ரைஃபிள்தான் என்றால் பாருங்கள்!

வசதியான வீடுகளில் இங்கிலாந்து ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்த காலம் அது. ஐயாவுக்கு அதற்கெல்லாம் கட்டுப்படியாகாது. 1971-ல் லைசென்ஸ் வாங்கி, மதுரையில் ஒரு கடையில் பழசாகக் கிடந்த ரைஃபிளை வாங்கினார். குழலில் பிர்னோ என்று ஊர்ப்பெயர், அதன் கீழே செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது என்று முத்திரை. அந்த நாடு 1993-ல் இரண்டாகப் பிரிந்து இல்லாமலே போய்விட்டது. துப்பாக்கி மட்டும் இருக்கிறது.

பிர்னோ சாதாரண ஊர் இல்லை. நம் ராணுவம் வெகுகாலம் வைத்திருந்த ப்ரென் இயந்திரத் துப்பாக்கியின் மூல வடிவம் அங்கிருந்து வந்ததுதான். பிர்னோவின் முதல் இரண்டு ஆங்கில எழுத்து, இங்கிலாந்தில் அதைச் செய்த என்ஃபீல்டின் முதல் இரண்டு எழுத்து, இரண்டையும் சேர்த்தால் ப்ரென். அதே ஊர்க்காரர்கள் சாதாரண ஜனங்களுக்காகச் செய்த எளிய ரைஃபிள்தான் ஐயாவுடையது. தந்த வேலைப்பாடு, வெள்ளிப் பூண் எதுவும் கிடையாது. ஒரு குழல், ஒரு மரக்கட்டை, ஒரு போல்ட், ஐந்து தோட்டா கொள்ளும் சின்ன மேகசின். அவ்வளவுதான்.

வீட்டில் ஐயா வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. போல்ட் தனி, ரைஃபிள் தனி. ரைஃபிள் அலமாரியில், போல்ட் இரும்புப் பெட்டகத்தில், பெட்டகச் சாவி அப்பத்தா இடுப்பில். "போல்ட் இல்லேன்னா அது வெறும் குழாயும் கட்டையும்தான்டா" என்பார். ஒரு தடவை இளம்வயதில் முயல் ஒன்றைச் சுட்டாராம். அதைப் பற்றி அதற்கு மேல் பேசமாட்டார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு அட்டையைத் தவிர எதையும் சுட்டதில்லை. தேர்தல் வந்தால் மட்டும் ரைஃபிள் ஊர்வலம் கிளம்பும். தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் இல்லையா? எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுப்பார், திரும்பி வந்ததும் மறுபடி துடைப்பார். ஓட்டே இல்லாமல் இத்தனை தேர்தலில் கலந்துகொண்டது எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் :-)

இப்போது நான் மானம் இழந்த கதைக்கு வருகிறேன். 2021 கடைசியில் ஐயா என்னை ஒரு ரைஃபிள் கிளப்பில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். அவருடைய ரைஃபிளையே எடுத்து வந்தார். 50 மீட்டர். என்.சி.சி.யில் கிட்டத்தில் வைத்துக் கொஞ்சம் நன்றாகவே சுட்ட திமிர் எனக்கு. படுத்துக்கொண்டு ஐந்து தோட்டா சுட்டேன். அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால் ஐந்தும் ஐந்து திசையில். ஒன்று அட்டையிலேயே இல்லை!

"பழசாயிடுச்சு ஐயா, குழல் தேஞ்சிருக்கும்" என்றேன்.

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. பயிற்சியாளரிடம் ரைஃபிளைக் கொடுத்தார். அவர் படுத்தார், மூச்சு விட்டார், சுட்டார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் நடுவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். அட்டை வந்ததும் ஐயா பையிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். ஐந்து ஓட்டையும் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு துப்பாக்கியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எப்படி இந்தப் பழைய மலிவு ரைஃபிள் இவ்வளவு துல்லியம் என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். போல்ட்டை முன்னால் தள்ளி மடக்கினால் தோட்டா குழலின் பின்பக்கத்தில் அசையாமல் பூட்டிக்கொள்கிறது. தானியங்கித் துப்பாக்கியில் சுட்டவுடன் உள்ளே ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். இதில் நம் கை போல்ட்டைத் தொடும்வரை எதுவும் நகராது. அசையும் பாகம் குறைவு, அதனால் கெட்டுப்போகவும் குறைவு. காசை அலங்காரத்தில் போடாமல் நல்ல குழலில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

.22 குண்டின் எடை இரண்டரை கிராம் சொச்சம். பந்தய வகைத் தோட்டா நொடிக்கு சுமார் 330 மீட்டர் வேகத்தில், ஒலியைவிடச் சற்றே மெதுவாகப் போகிறது. 50 மீட்டரைக் கடக்க ஆறில் ஒரு பங்கு நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதைப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடும். அதற்கு ஈடுகட்டத்தான் பின்னால் உள்ள பேக்சைட்டை ஏற்றி இறக்குகிறோம். சர்வதேசப் போட்டி அட்டையில் 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் 10.4 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் அளவு. பாரிஸில் 2024-ல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இதே 50 மீட்டரில், இதே .22 தோட்டாவில்தான். ரைஃபிள்தான் வேறு, அது பல லட்சம் பெறும்.

அடுத்த சில மாதங்களில் ஐயா சொல்லித் தந்தது கொஞ்சம்தான். சுத்தம் செய்யும் கம்பியைப் பின்பக்கமிருந்தே விடு, குழல் வாயின் விளிம்பு தேய்ந்தால் குண்டு கோணும். ஒரே வகைத் தோட்டாவை வாங்கு, வகை மாற்றினால் குறி மாறும். விரலை இழுக்காதே, அழுத்து. மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. முக்கியமாக, குண்டு எங்கே போயிற்று என்று பார்க்கும் முன்னால் நீ என்ன செய்தாய் என்று நினைத்துப் பார். 2022 மத்தியில் என் ஐந்து ஓட்டைகளும் ஒரு டீ கிளாஸ் வாய்க்குள் அடங்கின. நாணயத்துக்கு வரவில்லை. அந்த வருடக் கடைசியில் ஐயா தவறிவிட்டார்.

லைசென்ஸ் ஐயா பேரில்தான். அவர் போனபிறகு துப்பாக்கியைச் சும்மா வீட்டில் வைத்திருக்க முடியாது. சட்டப்படி அப்பா அதை லைசென்ஸ் உள்ள ஒரு வியாபாரியிடம் ஒப்படைத்தார். பஞ்சாயத்து அங்கே ஆரம்பித்தது. வீட்டில் பங்கு பிரித்து, ஜாடி, எனாமல் பாத்திரம், தூண் எல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். "அதையும் கொடுத்துடலாம்பா, நல்ல விலை வரும்" என்றார் அப்பா. அது உண்மைதான். 1980களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபிறகு, வெளிநாட்டில் மலிவான இந்த மாதிரி ரைஃபிளுக்கு இங்கே மவுசு கூடிவிட்டது. அம்மாவுக்கோ பயம். "ஆகாதது ஒண்ணு வீட்ல எதுக்கு?" அம்மா சொல்வதில் தப்பில்லை. சின்ன .22 குண்டுகூட ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும், ஆளைக் கொல்லும்.

நான் பாதுகாப்பு, கௌரவம் என்றெல்லாம் வாதாடவில்லை. வீட்டில் இனிமேல் திருட என்ன இருக்கிறது? ஒன்றுதான் சொன்னேன். பரீட்சையில் மார்க் குறைந்தால் பேப்பர் கஷ்டம், திருத்தியவர் சரியில்லை என்று நான் சொல்வது அவர்களுக்கே தெரியும். இந்த ரைஃபிளிடம் மட்டும் அது நடக்காது. நாணயத்துக்குள் சுடும் என்று நிரூபித்துவிட்ட ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் குறை சொல்வது? எனக்கு அப்படி ஒன்று தேவை.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. லைசென்ஸுக்கு 21 வயது ஆகவேண்டும், அதுவரை வியாபாரியிடமே இருக்கட்டும், அப்புறமும் உனக்கு இதே எண்ணம் இருந்தால் நீயே மனுப் போடு என்றார். மாதாமாதம் பாதுகாப்புக் கட்டணம் என் கைக்காசில். அதுதான் தீர்ப்பு!

எனக்கு 21 முடிந்து நாலு மாதம் ஆகிறது. வாரிசு என்று மனுப் போட்டுவிட்டேன், போலீஸ் விசாரணையும் முடிந்தது. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் போல்ட் தனி, ரைஃபிள் தனி என்று இப்போதே அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அப்பத்தா அதற்குள் பெட்டகத்தில் இடம் ஒதுக்கிவிட்டார்கள். சாவி இன்னும் அவர்கள் இடுப்பில்தான் இருக்கிறது.