கல்லடி எதற்குள் கிடக்கிறது?

காணி விளம்பரத் தளமொன்றின் தேடல் பக்கத்தைச் சீர்செய்யும் வேலை என் கைக்கு வந்தபோது, 'இடம்' என்ற பெட்டிக்குள் மட்டக்களப்பு மாவட்டத்தின் 14 பிரதேச செயலாளர் பிரிவுகளும் வரிசையாக இருந்தன. அரச பட்டியல், பிழையில்லை. ஆனால் 5 பெயர்கள் 'மண்முனை' என்றும் 5 பெயர்கள் 'கோறளைப்பற்று' என்றும் தொடங்குகின்றன. கைபேசித் திரையில் வால் வெட்டுப்பட்டு, 'கோறளைப்பற்…' என்றே ஒன்றன்கீழ் ஒன்றாக நாலைந்து வரிகள்.

பக்கத்து வீட்டு மாமியிடம் போனைக் கொடுத்துப் பார்த்தேன். மேலும் கீழும் தள்ளிவிட்டு, "மனே, இதுக்குள்ள கல்லடியக் காணல்லியே?" என்றார். கல்லடி மண்முனை வடக்குக்குள் அடங்கும். வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தால் மாமிக்கே அது தெரிந்திருக்கும். காணி தேடுகிறவர் யார் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறார்?

பட்டியலை எடுத்துவிட்டு ஊர்ப்பெயரைத் தட்டச்சிடும் பெட்டியை வைத்தோம். 'ஓட்ட' என்று அடித்ததும் ஓட்டமாவடி வரும், கீழே சிறிய எழுத்தில் கோறளைப்பற்று மேற்கு. ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் எத்தனை காணி இருக்கிறது என்ற எண்ணும் உண்டு. ஒன்றுமில்லாத ஊரை மறைக்கவில்லை, மங்கலாக்கினோம். மறைத்தால் அந்த ஊரே தளத்தில் இல்லை என்று நினைத்துவிடுவார்கள்.

உண்மையான தலையிடி தூர வடிகட்டியில்தான் வந்தது. '5 கிலோமீற்றருக்குள்' என்று கேட்டால் கணினி வரைபடத்தில் வட்டம் போட்டுவிடும். குருக்கள்மடத்தில் நின்று கேட்பவருக்கு அது அம்பிளாந்துறைக் காணிகளைக் காட்டியது. நேர்கோட்டில் பார்த்தால் கிட்டத்தான். நடுவில் வாவி கிடக்கிறதே! வாகனத்தில் போவதானால் பட்டிருப்புப் பாலத்தாலோ, 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தாலோ சுற்ற வேண்டும். கொழும்பிலோ சென்னையிலோ எழுதிய நிரலுக்கு வாவி தெரியாது. ஆகவே தூரத்துக்கு முன்னால் ஒரேயொரு கேள்வி: வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையா, மேற்கே படுவான்கரையா? இங்கே சின்னப் பிள்ளையும் தடுமாறாமல் பதில் சொல்லும். வட்டத்தை விட்டு வீதித் தூரத்தைக் கணக்கிட்டது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கேள்வி இன்னொரு சிக்கலையும் அவிழ்த்தது. எழுவான்கரையில் வீட்டுவளவைப் பேர்ச்சில் பேசுவார்கள், படுவான்கரையில் வயலை ஏக்கரில். 160 பேர்ச் ஓர் ஏக்கர் என்று தேடுகிறவரைக் கணக்குப் போட வைப்பது அநியாயம். கரையைத் தொட்டதும் அளவுப் பெட்டி தானாக மாறும்படி செய்தோம். வளவு தேடிப் படுவான்கரைக்குப் போகிறவர் தன் கையால் மாற்றிக்கொள்ளலாம். பரப்பளவுக்கு இழுகோடு வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பெருவிரலால் 10க்கும் 12க்கும் நடுவே நிறுத்த முடிகிற மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மிச்சம் இருப்பது 'விலை பேசலாம்' விளம்பரங்கள். விலை வடிகட்டியைத் தொட்டால் அவை மொத்தமாகக் காணாமல் போகும், விற்பவர் சண்டைக்கு வருவார். இப்போதைக்கு அவற்றைத் தனித் தலைப்பில் கீழே தள்ளி வைத்திருக்கிறோம். தள முதலாளிக்கு இன்னும் சம்மதமில்லை.