சுரங்கத்துக்கு மேலே ஓர் ஓடை

மகள் வீட்டுக்குப் போகிற தகப்பனாருக்குச் சில விதிகள் உண்டு. காப்பி வந்தால் குடிக்க வேண்டும். பேரன் கதை கேட்டால் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையைப் பார்த்து, "ஆபீஸ் எல்லாம் சௌகரியந்தானே?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, "சௌகரியம் மாமா" என்று பதில் வந்ததும் பத்திரிகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மேற்கொண்டு கிளறக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் 2019ஆம் வருஷம் டிசம்பர் மாதம் சிட்னியில் மீறினேன். அதன் பலனாக மூன்று நாட்கள் அந்த வீட்டில் ஒரு மாதிரியான மௌனம் நிலவியது.

அந்த வருஷம் தண்ணீருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவன் என்றே என்னைச் சொல்லலாம். ஜூன் மாதத்தில் சென்னையின் ஏரிகள் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் லாரி வருகிற நேரத்துக்கு எழுந்து நின்று நின்று என் மனைவிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. சிட்னிக்குப் போனால் குழாயைத் திறந்து வைத்துக் குளிக்கலாம் என்பது எங்கள் இருவருடைய அந்தரங்க ஆசை.

போய் இறங்கினால் வானமெல்லாம் புகை. சுற்றுப்புறக் காடுகள் எரிந்துகொண்டிருந்தன. சூரியன் செக்கச் சிவந்த வட்டமாகத் தொங்கியது. அந்த நகரத்துக்குத் தண்ணீர் தரும் அணைகளில் எல்லாம் சேர்த்துப் பாதிக்கும் குறைவாகவே நீர் இருந்தது. டிசம்பர் 10ஆம் தேதி முதல் இரண்டாம் கட்டக் கட்டுப்பாடு வந்தது. தோட்டத்துக்கு ரப்பர்க் குழாய் பிடிக்கக் கூடாது. வாளியிலோ பூவாளியிலோதான் ஊற்றலாம். என் பேரன் குளியலறையில் ஒரு சின்ன வாளியை வைத்திருந்தான். குழாயில் வெந்நீர் வருவதற்கு முன்னால் வருகிற பச்சைத் தண்ணீரை அதில் பிடித்துக் கொல்லைக் கறிவேப்பிலைச் செடிக்குக் கொண்டுபோய் ஊற்றுவான். ஒரு சொட்டுச் சிந்தினால் என்னை முறைப்பான்.

ஒரு சனிக்கிழமை காலை, கட்டுச்சாதத்தோடு ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் புறப்பட்டோம். சிட்னிக்குத் தெற்கே, யூகலிப்டஸ் காட்டுக்கு நடுவே இருக்கிறது அந்த ஊர். 1985இல் கும்பாபிஷேகமான கோயில். பெருமாளும் சிவனும் ஒரே வளாகத்தில் சண்டையில்லாமல் இருக்கிறார்கள். தரிசனம் முடிந்து காண்டீனில் தோசையும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குள் வரும்போது, எதிரே ஒரு பெரிய லாரி வந்தது. அது போன பிறகு தெருவில் கறுப்பாகத் தூசி எழும்பியது.

"இங்கே என்ன கரி?" என்றேன்.

"இந்த ஊரே கரியால் வந்த ஊர்தான் மாமா" என்றார் மாப்பிள்ளை. "1880களில் தோண்ட ஆரம்பித்த சுரங்கம். இப்போது வெட்டுகிற இடம் 400 மீட்டருக்கும் கீழே. மேலே காடு அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது."

அவர் சொன்னதில் ஏதோ தயக்கம் இருந்தது. எனக்குக் காரணம் தெரியும். நிலத்தடி நீர் அவருடைய தொழில். சுரங்கத்தை விஸ்தரிக்க விரும்புகிறவர்கள் அரசாங்கத்துக்கு மனுப் போடும்போது, "தண்ணீருக்கு என்ன ஆகும்?" என்ற அத்தியாயத்தை எழுதிக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. இந்தச் சுரங்கத்துக்கு அல்ல, வேறொன்றுக்கு. ஆனால் அத்தியாயம் ஒன்றுதான்.

அங்கிருந்து வொரனோரா அணைக்குப் போனோம். மகளுடைய வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் அந்த அணையினுடையது. 1941இல் கட்டி முடித்தார்கள். அணைக்கருகே உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டிக் காட்டுக்குள் யாரும் போகக் கூடாது. போனால் பெருந்தொகை அபராதம் என்று பலகை சொல்லுகிறது. மனிதக் கால் படாமல் தண்ணீரைக் காப்பதற்கு அத்தனை கட்டுக்காவல்.

"காலே படக் கூடாது என்கிற காட்டுக்கு அடியில் சுரங்கமா?" என்று கேட்டேன். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

மாப்பிள்ளை தயிர்சாதப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தார். அவருக்குத் தொழில் மேல் பிரியம். யாராவது கேட்டால் விளக்காமல் இருக்க முடியாது. பூமிக்கு அடியில் ஏறக்குறைய மூன்று மீட்டர் கனத்துக்குக் கரி ஒரு விரிப்பைப்போல் கிடக்கிறதாம். பழைய நாளில் தூண் தூணாகக் கரியை விட்டுவிட்டு நடுவில் எடுத்தார்கள். இந்தச் சுரங்கத்தில் 1995 முதல் வேறு முறை. நூறு மீட்டருக்கு மேல் அகலமும் கிலோமீட்டர்க் கணக்கில் நீளமும் உள்ள ஒரு பாளத்தை அளந்துகொண்டு, இயந்திரத்தால் முகப்பு முழுவதையும் சீவிக்கொண்டே போகிறார்கள். இரும்புத் தாங்கிகள் தலைக்கு மேல் கூரையைத் தாங்கிக்கொண்டு கூடவே நகர்கின்றன. அவை நகர்ந்த இடத்தில் கூரை சரிந்து விழுகிறது. விழட்டும் என்றுதான் விடுகிறார்கள். அந்தச் சரிவு மெல்ல மெல்ல மேலே ஏறி, தரைமட்டம் சற்றே தாழ்கிறது.

"சமதரையில் அது பெரிய விஷயமில்லை மாமா. பள்ளத்தாக்கில்தான் சங்கடம். இதைப் பாருங்கள்" என்று, நாங்கள் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தின் இரண்டு ஓரங்களையும் பிடித்து உள்பக்கம் நெருக்கினார். நடுவில் துணி குமிழ்ந்து மேலே எழும்பியது. "இரண்டு பக்கத்து மலையும் கொஞ்சம் உள்ளே நெருங்கும். நடுவில் ஓடையின் பாறைத் தளம் இப்படி எழும்பும். இது துணி, மடங்குகிறது. அது மணற்கல், வெடிக்கும்."

இந்த அணைக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாரட்டா என்ற ஓடையில் அப்படித்தான் வெடித்தது. தெளிந்த மடுக்கள் இருந்த இடத்தில் தண்ணீர் விரிசலுக்குள் இறங்கிப் பாறைக்கு அடியில் ஓடியது. கீழே போய் மறுபடி வெளிவரும்போது, புதிதாக உடைந்த கல்லிலிருந்து இரும்பைக் கரைத்துக்கொண்டு செம்மஞ்சள் நிறமாக வந்தது. சில மடுக்களில் வாயு குமிழியிட்டது. மேட்டு நிலங்களில் சதுப்புகள் உண்டு. மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுகிறவை. அவற்றின் அடிப்பாறை வெடித்தால் பஞ்சு உலர்ந்துவிடும். உலர்ந்தது அடுத்த காட்டுத்தீயில் எரியும்.

இதற்கு மருந்தே இல்லாமல் போகவில்லை. 2006 கடைசியில் ஒரு விசாரணைக் குழுவை அரசாங்கம் நியமித்தது. 2008இல் அது அறிக்கை கொடுத்தது. 2009இல் இந்தச் சுரங்கத்தை விஸ்தரிக்க அனுமதி கொடுத்தபோது நிபந்தனைகள் விதித்தார்கள். முக்கியமான ஓடைக்கு அடியில் பாளத்தின் அகலத்தைக் குறைக்கலாம். குறைத்தால் கரியும் குறையும். மடுக்களின் நீர்மட்டத்தைக் கருவி வைத்து அளக்க வேண்டும். கெடுதல் தென்பட்டால் திட்டத்தை மாற்ற வேண்டும். வெடித்த பாறையில் துளை போட்டு ஒருவகைப் பிசினைச் செலுத்தி அடைக்கலாம். வாரட்டாவில் அப்படிச் செய்து சில மடுக்களில் தண்ணீர் நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடையின் குறிப்பிட்ட தூரத்துக்குள் ஏற்படும் கெடுதல் "நெக்ளிஜிபிள்" ஆக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

எழுத்துக்காரனுக்கு வார்த்தையைக் கண்டால் கை சும்மா இராது. "அதற்கு என்ன அர்த்தம்?" என்றேன்.

"அனுமதிப் பத்திரத்திலேயே அர்த்தம் கொடுத்திருக்கிறார்கள். சிறியது, முக்கியமில்லாதது, பொருட்படுத்தத் தேவையில்லாதது என்று."

"யார் பொருட்படுத்தத் தேவையில்லாதது? ஓடையா, நீங்களா?"

மாப்பிள்ளை பேசவில்லை. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். "நீங்களும் உங்கள் அறிக்கையில் அந்த வார்த்தையைத்தானே எழுதுகிறீர்கள்?" என்றும் கேட்டுவிட்டேன். அவர் ஜமக்காளத்தை மடிக்க ஆரம்பித்தார். என் மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை.

மூன்று நாள் மௌனத்தில் எனக்கே என் மேல் வெட்கம் வந்தது. அந்தச் சுரங்கத்துக் கரி பெரும்பாலும் உருக்கு ஆலைக்குப் போகிற கரி. ஒரு டன் உருக்குக்கு முக்கால் டன் கரி வேண்டியிருக்கிறது என்கிறார்கள். நான் ஏறி வந்த ரயிலில் உருக்கு, சென்னையில் என் வீட்டுக் கூரைக்குள் உருக்கு. கோயிலுக்குப் போகும் தெருவில் குடியிருப்பவர்களின் பாட்டனும் தகப்பனும் அந்தக் குழிக்குள் இறங்கி வந்தவர்கள். இவ்வளவையும் அநுபவித்துக்கொண்டு, சோற்று மூட்டையோடு வந்த ஒருவன் மாப்பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா?

நான்காம் நாள் ராத்திரி அவரே கொல்லைப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். புகை நாற்றம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"மாமா, நான் எழுதாவிட்டால் அளந்து பார்க்காத ஒருவன் எழுதுவான். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் கேட்டது தப்பில்லை. என்னைத் தூங்க விடாதது அந்த வார்த்தை அல்ல, வேறொன்று."

"என்ன?"

"கெடுதல் தெரிந்தால் நிறுத்துவோம் என்று எழுதுகிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடையில் நீர்மட்டம் இறங்கிவிட்டதென்று கருவி சொல்லும்போது பாறை வெடித்து முடிந்துவிட்டது. நாம் நிறுத்துவது அடுத்த வெடிப்பை, இதை அல்ல. அணைக்கு வரும் இன்னொரு கிளை ஓடையில் அப்படித்தான் நிபந்தனையின் எல்லையே தாண்டிப் போயிற்று. அப்புறம் பிசின் போடுவோம். தண்ணீர் நிற்கும். அதை நாங்கள் 'சீர்படுத்தியாயிற்று' என்று எழுதுவோம்."

எனக்கு என் தாயாரின் பித்தளைக் குடம் ஞாபகம் வந்தது. அடியில் ஊசித் துளை விழுந்துவிட்டது. அப்பா அரக்கைக் காய்ச்சி அடைத்துக் கொடுத்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. என்றாலும் அம்மா அதைப் பூஜைக்கு எடுக்க மாட்டாள். அடுப்பின் பக்கமும் கொண்டுபோக மாட்டாள். "ஒழுகாத குடம் வேறே, ஓட்டை இல்லாத குடம் வேறே" என்பாள். அதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஜனவரியில் நாங்கள் ஊர் திரும்பினோம். பிப்ரவரியில் சிட்னியில் கொட்டு கொட்டென்று கொட்டியது, அணைகளில் நீர்மட்டம் நன்றாக ஏறியது, மார்ச் முதல் தேதி கட்டுப்பாடு தளர்ந்தது. அதே மார்ச் மாதத்தில், வொரனோரா நீர்த்தேக்கத்துக்கு அடியிலேயே பாளம் வெட்டுவதற்கு அனுமதியும் கிடைத்தது. எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடிவதில்லை. அதற்குத் தெற்கே, வொல்லங்காங் நகரத்துக்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புக் காட்டில் டெண்ட்ரோபியம் என்ற இன்னொரு சுரங்கத்தை விஸ்தரிக்க வந்த மனுவை, 2021 பிப்ரவரியில் சுதந்திரமான திட்டக் கமிஷன் நிராகரித்தது. குடிநீர்க் காட்டுக்கு மீட்க முடியாத கெடுதல் வரும் என்பது முக்கிய காரணம். திருத்தி எழுதிய திட்டத்தையும் 2022இல் கம்பெனியே கைவிட்டது. யாரோ சிலர் அந்த வார்த்தையின் அர்த்தத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை அந்த அறிக்கையை எழுதி முடித்தார். சீர்படுத்துவது பற்றிய பகுதியின் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தாராம்: விரிசலை அடைப்பது வேறு, ஓடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது வேறு, இரண்டாவதைச் செய்ய இன்றைக்கு யாருக்கும் தெரியாது. மேலதிகாரி அதை அடித்தார். இவர் மறுபடி எழுதினார். கடைசியில் அது சிறிய எழுத்தில், ஓர் அட்டவணைக்குக் கீழே தங்கியது. அதன் பிறகு அவருக்கு அடுத்த வேலை வரக் கொஞ்சம் தாமதமாயிற்று என்று மகள் டெலிபோனில் சொன்னாள். குரலில் கவலை இருந்தது, கோபம் இல்லை.

"பேரன் என்ன செய்கிறான்?" என்று கேட்டேன்.

"மழை வந்து எவ்வளவோ நாளாயிற்று. வாளியை எடுத்துவிடலாம் என்றால் விடமாட்டேன் என்கிறான் அப்பா. பழைய வாளியில் விரிசல் விட்டுவிட்டது. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தோம்."

வாளி என்றால் புதிதாக வாங்கிவிடலாம்.