பச்சைக் கம்பி

மதுரையிலிருந்து தில்லிக்குப் பணிமாறுதல் பெற்ற குடும்பம் ஒன்று, கரோல்பாக்கில் ஒரு பழைய வீட்டின் மேல்தளத்தில் குடியேறியது. மார்கழியில் அவ்வூர்க் குழாய்நீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். குளியலறைச் சுவரில் வீட்டுக்காரர் பொருத்தியிருந்த 15 லிட்டர் கீசரைக் கண்டு பாட்டி பெரிதும் மகிழ்ந்தார்.

எட்டாம் வகுப்பில் பயிலும் மகளுக்கு ஒருநாள் குழாயைத் திருகிய விரல்களில் சுரீரென்றது. "அப்பா, குழாய் கிள்ளுகிறது" என்றாள். தந்தை சிரித்தார். "கம்பளிச் சட்டையின் வேலை அம்மா. இங்கே கதவுப்பிடியைத் தொட்டாலும் அப்படித்தான்" என்றார். அவர் கூறியது முற்றும் பிழையன்று. வறண்ட குளிர்காற்றில் கம்பளி உராய்வதால் உடலில் நிலைமின்னூட்டம் சேர்வது தில்லிவாசிகள் அனைவரும் அறிந்ததே.

எனினும் மகளின் மனம் அமைதியடையவில்லை. முந்தைய நாள்களை எண்ணிப் பார்த்தாள். கதவுப்பிடி ஒருமுறை சொடுக்கிவிட்டு ஓய்ந்துவிடும். குழாயோ தொட்டிருக்கும்வரை நமநமவென்று அதிர்ந்தது. நிலைமின்னூட்டம் ஈரத்தில் தங்காது. இதுவோ ஈரத்தரையில் நின்றபோதே வந்தது. கீசர் இயங்காத நாளில் ஒன்றும் நேரவில்லை. இவற்றை அவள் சொல்லக் கேட்டதும் தந்தையின் சிரிப்பு நின்றது. மெய்தானா என்று குழாயைத் தொட்டுப் பார்க்க அவர் முனையவில்லை. அது மிக நல்ல முடிவு. நேரே சென்று வீட்டின் முதன்மை மின்னிணைப்பையே துண்டித்தார்.

"ஐந்து ஆண்டுகளாக எத்தனையோ பேர் அதில்தானே குளித்தார்கள்!" என்றார் வீட்டுக்காரர். ஆயினும் மாலையில் மின்பணியாளர் வந்தார்.

அவர் முதலில் பிளக்கைக் கழற்றினார். கீசருடன் வந்த பெரிய பிளக்கு, குளியலறையின் 6 ஆம்பியர் துளைகளில் நுழையாததால், யாரோ அதை வெட்டி எறிந்துவிட்டுச் சிறிய பிளக்கைப் பொருத்தியிருந்தார். அதற்குள் இரண்டு கம்பிகளே இணைக்கப்பட்டிருந்தன. மூன்றாவதான பச்சைக் கம்பி, தேவையற்றதுபோல் நறுக்கப்பட்டு மடிந்து கிடந்தது. அதுவே புவித்தொடுப்புக் கம்பி. பிளக்கின் மூன்று முனைகளில் அதற்குரியது மட்டும் நீண்டும் பருத்தும் இருக்கும். மின்சாரம் வருவதற்கு முன்பே நிலத்தோடு தொடர்பு ஏற்பட வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம்.

தொட்டியினுள் வெப்பமூட்டும் கம்பிச்சுருளின் மேலுறை வெடித்திருந்தது. கடினநீரின் உப்பு அதன்மேல் சுண்ணாம்புபோல் படிந்திருந்தது. வெடிப்பின் வழியே கசிந்த மின்சாரம் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து இரும்புக் குழாய்க்கும் பரவியிருந்தது. பச்சைக் கம்பி இருந்திருந்தால் அது நிலத்துக்குள் இறங்கியிருக்கும். அஃது இல்லாமையால் ஈரக்காலோடு நின்ற சிறுமியின் உடலே வழியாயிற்று. நனைந்த தோலின் மின்தடை மிகக் குறைவு.

"எம்.சி.பி. இருக்கிறதே, அது ஏன் விழவில்லை?" என்று தந்தை வினவினார். அது கம்பியைக் காப்பதற்கு அமைந்தது. பல ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் மிகுந்தால்தான் விழும். மனிதரைக் கொல்ல ஆம்பியரின் சிறு பின்னமே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி அவ்வீட்டில் இல்லை.

பணியாளர் மற்றொன்றையும் காட்டினார். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கென இழுத்த மெல்லிய கம்பி அதைத் தாங்காமல் சூடேறி, அதன் உறை பழுப்பேறியிருந்தது.

செலவை யார் ஏற்பது என்பதில் இரண்டு நாள் வழக்கு நடந்தது. இறுதியில் ஆளுக்குப் பாதி என்றாயிற்று. அதுவரை பாட்டிக்கு அடுப்பு வெந்நீர்தான். மின்பலகையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியே இழுக்கப்பட்டது. 16 ஆம்பியர் இணைப்பும் புதிய சுருளும் ஆர்.சி.சி.பி.யும் வந்தன. பச்சைக் கம்பி முறையாக நிலத்தைச் சேர்ந்தது.

ஆர்.சி.சி.பி.யில் ஒரு சிறு சோதனைப் பொத்தான் உண்டு. மாதந்தோறும் முதல் தேதியன்று அதை அழுத்திப் பார்ப்பது மகளின் பொறுப்பு. அழுத்தியதும் வீடு முழுதும் இருளும். "விளக்கு வைக்கும் நேரத்திலா இந்த வேலை?" என்று பாட்டி கடிந்துகொள்வார். இப்போது அவள் அதைக் காலையிலேயே செய்துவிடுகிறாள்.