தட்டையான உச்சி

நகத்தின் அகலமே உள்ள ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் செம்பின் நிறம் மங்கலாகத் தெரியும் ஒரு மென்படலம். என் ஆய்வு வாழ்வின் முதல் ஈராண்டுகளை அத்துண்டே எடுத்துக்கொண்டது.

அப்படலத்தில் செம்பும் கோபால்ட்டும் கலந்திருந்தன. கலந்திருந்தன என்பதுகூட முழுவதும் சரியன்று. இவ்விரு உலோகங்களும் ஒன்றில் ஒன்று எளிதில் கரைவதில்லை. வெற்றிடக் கலத்தில் ஒருசேரப் படியவைத்துப் பின்னர்ப் பதமாகச் சூடேற்றினால், கோபால்ட் அணுக்கள் பிரிந்து, சில நானோமீட்டர் குறுக்களவுள்ள துகள்களாகச் செம்பினுள் திரண்டுவிடும். ஒவ்வொரு துகளும் ஒரு சிறு காந்தம். புறத்தே காந்தப்புலம் இல்லாதபோது அவை திசைக்கொன்றாக நோக்கியிருக்கும். வலிய புலத்தில் ஒருமுகமாகும். அப்போது படலத்தின் மின்தடை குறைகிறது.

காரணம் எலக்ட்ரானின் தற்சுழற்சி. அது துகளின் காந்தத்திசையோடு இசைந்தால் எலக்ட்ரான் எளிதில் கடக்கும், முரண்பட்டால் சிதறும். துகள்கள் தாறுமாறாக நிற்கையில் இருவகை எலக்ட்ரான்களும் எங்கேனும் தடைபட்டே தீரும். துகள்கள் ஒருமுகமானால் ஒருவகைக்கேனும் வழி திறக்கிறது. இரும்பும் குரோமியமும் மாறி மாறி அமைந்த அடுக்குகளில் இவ்விளைவை 1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டின் குழுவும் ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க்கின் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன. 2007இல் அவ்விருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அடுக்குகளே வேண்டியதில்லை, துகள்கள் போதும் என 1992இல் அமெரிக்காவின் சான் டியாகோவிலும் பால்டிமோரிலும் இருந்த இரு குழுக்கள் காட்டின. (கணினியின் வன்தட்டில் இடம்பெற்றது அடுக்குப் படலமே, துகள் படலத்துக்கு மிக வலிய புலம் தேவை. பயன் குறைந்ததையா தேர்ந்தெடுத்தாய் என்று வீட்டிலும் கேட்டார்கள்.)

மின்தடையைக் கணக்கிட்டுச் சொல்லும் ஒரு மாதிரியை அமைப்பதே என் பணி. அடிப்படை வாதம் எளியது. ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குச் செல்லும் எலக்ட்ரான், அவ்விரண்டின் காந்தத்திசைகளுக்கு இடையேயுள்ள கோணத்தை உணர்கிறது. துகள்கள் ஒன்றையொன்று சாராமல் திரும்புமாயின், அக்கோணத்தின் கொசைன் சராசரி, படலம் அடைந்த காந்தமாக்க விகிதத்தின் இருமடிக்குச் சமம். எனவே மின்தடைக் குறைவும் அந்த இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையவேண்டும். வரைந்தால் கவிழ்ந்த பரவளையம் கிடைக்கும்.

எனக்குக் கிடைத்த வளைகோட்டின் உச்சியோ தட்டையாக இருந்தது. கருவியை ஐயுற்று மும்முறை அளந்தேன், மாற்றமில்லை. ஒருநாள் இரவு, உச்சியிலிருந்த ஏழு புள்ளிகளையும் நீக்கினேன். எஞ்சியவற்றின்மீது பரவளையம் அழகாகப் பொருந்தியது. மறுநாள் அப்படத்தை நெறியாளரிடம் காட்டினேன்.

“இங்கே ஏன் புள்ளிகள் இல்லை?”

“அளவீட்டில் ஐயம் இருந்தது, ஐயா.”

“ஐயம் கருவியின்மீதா, மாதிரியின்மீதா?”

என்னிடம் விடையில்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை, தாளைத் திருப்பித் தந்தார். அது கடிந்துகொள்வதைவிட வருத்தியது.

ஏழு புள்ளிகளையும் மீண்டும் சேர்த்தேன். பிறகுதான் என் மாதிரியைக் கூர்ந்து நோக்கினேன். துகள்கள் யாவும் ஒரே அளவின என நான் கொண்டிருந்தேன். உண்மையில் சிறியனவும் பெரியனவும் கலந்தே கிடக்கின்றன. பெரிய துகள் சிறு புலத்திலேயே திரும்பிவிடும். பருமன் மிகுதியாதலால் காந்தமாக்கலில் அதன் பங்கும் மிகுதி. எலக்ட்ரானின் சிதறலோ பெரும்பாலும் துகளின் புறப்பரப்பில் நிகழ்வது. சம அளவு கோபால்ட்டைச் சிறு துகள்களாகப் பகுத்தால் புறப்பரப்பு பெருகும். ஆக, காந்தமாக்கலை அளக்கும்போது பெரியவற்றின் குரலையும், மின்தடையை அளக்கும்போது சிறியவற்றின் குரலையும் கேட்டுக்கொண்டிருந்தேன். புலம் சிறிதே ஏறும்போது பெரியவை திரும்புகின்றன, காந்தமாக்கல் உயர்கிறது, மின்தடை ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. உச்சி தட்டையாவதன் காரணம் அதுவே.

ஒவ்வோர் அளவுத் துகளுக்கும் லாஞ்செவின் சார்பைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டும் நிரலை எழுதி முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. கோடு தட்டையாக வந்தது. ஆனால் அளந்த அளவுக்கு இல்லை. அண்டையிலுள்ள துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் திருப்புவதையும் கணக்கில் கொள்ளவேண்டும்; அது என் நிரலில் இல்லை.

ஆய்வேட்டில் அப்படத்தை அப்படியே சேர்த்தேன். ஏழு புள்ளிகளும் அதில் இருந்தன. என் கோடு அவற்றைத் தொடாமல் சற்று விலகியே சென்றது.