மகன் வச்ச மெக்சிகோ கறி

என் மகன் கப்பல்ல சமையல்காரனா இருக்கான். 9 மாசம் கழிச்சு போன ஈஸ்டருக்குத்தான் ஊருக்கு வந்தான். தபசு காலம் முழுக்க எங்க வீட்ல கறி கிடையாது. அதனால உயிர்ப்பு ஞாயிறு ராத்திரிக்கு, "யப்பா, நான் ஒரு மெக்சிகோ குழம்பு வைக்கேன்"ன்னான். பேரு பிர்ரியா. அங்க உள்ள மன்சனீயோ துறைமுகத்துல இறங்கினப்போ சாப்பிட்டானாம். முதல்ல ஆட்டுக்கறியில வச்ச குழம்பாம், இப்போ மாட்டுக்கறியிலயும் வைக்காங்களாம். மாட்டுக்கறின்னதும் நான் ஒண்ணும் பேசல. அதப் பெறவு சொல்றேன்.

"இதுக்கு சாமான் எங்கல கெடைக்கும்?"ன்னு கேட்டேன்.

"எல்லாம் நம்ம களத்துலயே கெடக்குப்பா."

நெசந்தான். வேம்பாருக்கு மேற்க எங்க கரிசல் காட்டுல சம்பா மிளகாயும் மக்காச்சோளமும்தான் போடுறோம். வத்தல் களத்துல காயுது, சோளம் மூட்டையில இருக்கு.

எலும்போட 2 கிலோ கால்கறி தூத்துக்குடியில வாங்கிட்டு வந்தான். அவங்க ஊர் வத்தல் காரம் கம்மியாம். நம்ம சம்பா அப்படி இல்லையே! அதனால விதைய உதறிட்டு எட்டு வத்தல் மட்டும் எடுத்தான். வெறுஞ்சட்டியில லேசா வறுத்து (கருகினா கசந்துரும்), வெந்நியில ஊறப்போட்டு, சுட்ட தக்காளி, பூண்டு, சீரகம், கிராம்பு, பட்டை, கொஞ்சம் வினிகர் சேத்து அரைச்சான். தேங்காயும் இல்ல, மல்லிப்பொடியும் இல்ல. "மல்லி இல்லாம ஒரு குழம்பா?"ன்னு வீட்டுக்காரி கேட்டா. விறகடுப்புல 3 மணி நேரம் கொதிச்சது.

தொட்டுக்க சோள ரொட்டி. எங்க சோளம் கோழித்தீவனத்துக்குத்தான் போகும், நாங்க தின்னதே இல்ல. முந்தின நாளே 1 கிலோ சோளத்துல வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு 2 ஸ்பூன் கரைச்சு ஊத்தி வேக வச்சு, ராத்திரி அப்படியே ஊற விட்டான். காலையில கழுவித் தேய்ச்சா தோல் கழண்டு வந்துருச்சு. அரைச்சுத் தட்டி, தோசைக்கல்லுல சுட்டான். கூட, சுட்ட பறங்கிக்காய், எலுமிச்சை பிழிஞ்ச வெங்காயம், கருப்பட்டிக் காப்பி. அங்கயும் வெல்லம் மாதிரி ஒண்ணு போட்டுக் காப்பி குடிக்காங்களாம்.

மிளகாய், சோளம், தக்காளி, பறங்கிக்காய் எல்லாமே அந்தப் பக்கத்துல இருந்து கப்பலேறி வந்ததுதான். 500 வருசத்துக்கு முந்தி நம்ம ஊர்ல காரம்னா மிளகுதான். போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்த பெறகுதான் மிளகாய். பறங்கிக்காய்ங்கிற பேருலயே பறங்கி இருக்கான் பாருங்க. முத்துக்குளிச்ச இந்தக் கரைக்கு 1542ல சவேரியார் வந்ததும் அவங்க கப்பல்லதான். அடுப்புல எரிஞ்ச சீமைக்கருவேலமும் அந்தச் சீமை மரந்தான்.

அந்தச் சட்டியில எனக்குப் பழகுனது மாடு ஒண்ணுதான். அதான் எனக்குத் தொண்டையில இறங்காது.

செவலை, மயிலைன்னு ஒரு ஜோடி வச்சிருந்தேன். 11 வருசம் என் காட்ட உழுத மாடு. ஊருக்குள்ள டிராக்டர் வந்துச்சு, மாடுகளுக்கும் வயசாயிருச்சு. சந்தையில யாவாரி துண்டுக்குள்ள என் விரலப் பிடிச்சு விலை பேசுனான். எங்க கொண்டு போறீகன்னு நான் கேக்கல. கேட்டா விக்க முடியாதுன்னு தெரியும். அன்னையில இருந்து கிறிஸ்மஸ் பந்தியில மாட்டுக்கறி வந்தா, வயிறு சரியில்லன்னு சொல்லி எந்திரிச்சிருவேன்.

மகன் என் தட்டுல ரொட்டி வச்சான், கிண்ணத்துல சாறு ஊத்துனான். கறித்துண்டு ஒண்ணு கூட இல்ல.

"செவலைய நெனைக்கியாப்பா?"

"ஆமால."

9 மாசம் கழிச்சு வந்த பிள்ள நாள் பூரா அடுப்படியில நின்னு வச்சது. ரொட்டியத் தொட்டு ரெண்டு வாய் தின்னேன். நல்லா இருந்துச்சு. அதுக்கு மேல முடியல. அவன் ஒண்ணும் சொல்லாம பறங்கிக்காய என் பக்கம் தள்ளி வச்சான்.

"அடுத்த லீவுக்கு ஆட்டுக்கறியில வைக்கேன்பா. அதான முதல்ல வச்சது"ன்னான்.

கப்பலுக்குத் திரும்பும்போது 2 கிலோ சம்பா வத்தல் கட்டிக் குடுத்தேன்.